ஒரு நாளைக்கு ஓர் ஊர் போதும்

போன ஞாயிற்றுக்கிழமை காலை கடற்கரைச் சாலையில் நடை முடித்துக் காந்தி சிலை அருகே உட்கார்ந்திருந்தேன். சேலத்திலிருந்து வந்த ஒரு குடும்பம் பக்கத்தில் வந்து நின்றது. இரவெல்லாம் வண்டி ஓட்டி வந்திருக்கிறார் என்பது அந்தத் தம்பியின் கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. "சார், நைட்டு கிளம்பணும். அதுக்குள்ள பாண்டிச்சேரில என்னென்ன பாத்து முடிக்கலாம்?" என்று கேட்டார்.

செல்போனில் பட்டியலே வைத்திருந்தார். மணக்குள விநாயகர், ஆசிரமம், ஆரோவில், சுண்ணாம்பாறு படகு, மறுபடி கடற்கரை. போகிற வழியில் திருவக்கரை கல்மரம் வேறு.

"பார்த்து முடிக்கலாம்" என்ற வார்த்தையைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் அடங்கியும் விட்டது. 2023 ஜூன் மாதம் இதே மாதிரி ஒரு பட்டியலைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பிரான்சில் ஒரு நாள் முழுக்க அலைந்தவன் நான். அந்த நாளைப் பற்றி இதுவரை எழுதவில்லை. எழுதினால் என் தவறையும் சேர்த்து எழுத வேண்டும். அதனால் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன்.

எங்கள் மகள் ரென் நகரத்தில் இருக்கிறாள். பாரீசுக்கு மேற்கே, பிரெத்தாஞ் பகுதியின் தலைநகரம் அது. கொரோனாவுக்கு முன்னால் 2019-இல் அவளைப் பார்த்தது. அதன் பிறகு வீடியோவில்தான். நாலு வருடம் கழித்து நானும் என் மனைவியும் ஐந்து வாரத்துக்குப் போனோம். மகளும் மருமகனும் வேலைக்குப் போகிறவர்கள். பேரனுக்கு அப்போது ஏழு வயது. எங்களுக்கென்று அவர்கள் ஒதுக்கக்கூடியது சனி, ஞாயிறு மட்டும். அதிலும் மருமகனுக்குச் சில சனிக்கிழமை வேலை உண்டு.

அரசுக் கணக்குத் துறையில் 34 வருடம் குப்பை கொட்டியவன் நான். பட்டியல் போடாமல் எதையும் செய்யத் தெரியாது. புறப்படுவதற்கு முன்பே புதுச்சேரியில் உட்கார்ந்து வரைபடத்தைப் பார்த்துப் போட்ட கணக்கு இது: ஒரு சனிக்கிழமை, மூன்று ஊர். மோன்-சேன்-மிஷேல், சேன்-மாலோ, லோரியான்.

மூன்றும் நல்ல ஊர்தான். முதலாவது, கடலுக்குள் பாறை மேல் நிற்கும் மடாலயம். உலகமே பார்க்க வரும் இடம். இரண்டாவது, நம் லபூர்தொனே பிறந்த ஊர். லபூர்தொனே வீதி என்று இன்றும் நம்மூரில் சொல்கிறோமே, அவர்தான். 1746-இல் கப்பல்களோடு வந்து சென்னையைப் பிடித்துவிட்டு, அதை வைத்துக்கொள்வதா பணம் வாங்கிக்கொண்டு விடுவதா என்று துய்ப்ளேக்சோடு சண்டை போட்டவர். கடைசியில் பாரீசில் பஸ்தீய் சிறையில் இருந்து, 1751-இல் விடுதலையானார். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் படித்தவர்களுக்கு அந்தச் சண்டை நேற்று நடந்த மாதிரி இருக்கும்.

மூன்றாவது ஊர்தான் என் மனத்தில் இருந்தது. 1664-இல் தொடங்கிய பிரெஞ்சு கிழக்கிந்தியக் கம்பெனி, கப்பல் கட்டுவதற்காக 1666-இல் கடலோரத்தில் நிலம் பெற்றது. அந்த இடத்தில் வளர்ந்த ஊருக்கு 'கிழக்கு' என்றே பெயர் வந்தது. அதுதான் லோரியான். எட்டு வருடம் கழித்து 1674-இல் பிரான்சுவா மர்த்தேன் இங்கே புதுச்சேரியில் கம்பெனிக்குக் கால் ஊன்றினார். இங்கிருந்து துணி ஏற்றிய கப்பல்கள் ஆறு மாதத்துக்கு மேல் கடலில் கிடந்து போய்ச் சேர்ந்த துறைமுகம் அது. இந்த முனையில் பிறந்து வளர்ந்தவனுக்கு அந்த முனையைப் பார்க்க வேண்டும் என்று ஆசை இருக்காதா?

ஆனால் அந்த ஊரை எங்கே வைத்தேன் பாருங்கள். பட்டியலில் கடைசியில்! எல்லோரும் பார்ப்பதை முதலில் பார்த்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ஊருக்குத் திரும்பியதும் "அதைப் பார்க்கலையா?" என்று கேட்பார்களே.

வெள்ளிக்கிழமை இரவு மகள் பட்டியலைப் பார்த்தாள். "அப்பா, இது கிட்டத்தட்ட 500 கிலோமீட்டர் வரும்ப்பா" என்றாள். நான், "இங்க ரோடுதான் நல்லா இருக்கே" என்றேன். அவள் மறுத்துப் பேசவில்லை. வாரம் முழுக்க வேலை பார்த்துவிட்டு, எங்களுக்காக இட்லிக்கு மாவு அரைத்துவிட்டு, பதினொன்றரை மணிக்குப் படுத்தவள் அவள். அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன். 500 கிலோமீட்டர் என்றால் நம்மூரிலிருந்து சென்னைக்குப் போய்த் திரும்பி, மறுபடியும் சென்னைக்குப் போய், அதற்கும் மேலே கொஞ்சம்.

காலை ஏழரைக்குக் கிளம்பினோம். மருமகனுக்கு அன்று வேலை. மகள் ஓட்டினாள். நான் முன் இருக்கையில், என் மனைவியும் பேரனும் பின்னால். அங்கே வண்டி சாலையின் வலப்பக்கம் போகும், ஸ்டியரிங் இடப்பக்கம் இருக்கும். நம்மூரில் ஓட்டுநர் உட்காரும் இடத்தில் நான் வெறுங்கையோடு உட்கார்ந்துகொண்டு, ஒவ்வொரு வளைவிலும் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே போனேன். "தாத்தா ஏன் டான்ஸ் ஆடுறாரு?" என்று பேரன் கேட்டான்.

மோன்-சேன்-மிஷேலில் காரை இரண்டரை கிலோமீட்டர் முன்பே நிறுத்திவிட வேண்டும். அங்கிருந்து இலவசப் பேருந்து. தூரத்தில் மணல்வெளி நடுவே அந்தக் கோபுரம் எழும்பி வருவதைப் பார்த்தபோது உண்மையிலேயே நெஞ்சு ஒரு கணம் நின்றது. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் மடாலயத்துக்கு ஏறப் படிகள் 350. என் மனைவிக்கு முழங்கால் வலி. கீழே ஒரு கல் மேடையில் உட்கார வைத்துவிட்டு நாங்கள் மூவரும் ஏறினோம். ஒன்றரை மணி நேரம் அவள் பார்த்தது போகிற வருகிறவர்களின் கால்களைத்தான். மேலே நானும் உருப்படியாக ஒன்றும் பார்க்கவில்லை. போட்டோ எடுத்தேன், கடிகாரத்தைப் பார்த்தேன். அந்த வளைகுடாவில் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் இடையே நீர்மட்டம் 14 மீட்டர் வரைக்கும் மாறும். ஐரோப்பாவிலேயே பெரிய அலையேற்றங்களில் ஒன்று. தண்ணீர் ஏறி வருவதைப் பார்க்கலாம் என்று மகள் சொன்னாள். "நேரம் இல்லம்மா" என்றேன்.

சேன்-மாலோவில் ஒன்றரை மணி நேரம். ஊரைச் சுற்றி இருக்கும் மதில் மேலேயே நடந்து வரலாம், ஒரு சுற்று இரண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. நாங்கள் கால்வாசி நடந்தோம். 1944 போரில் அந்த ஊரின் பெரும்பகுதி தரைமட்டமானது. பழைய மாதிரியே திருப்பிக் கட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு கல்லாகப் பார்க்க வேண்டிய ஊர். பேரன் கடலில் கால் நனைக்க வேண்டும் என்றான். "அடுத்த ஊர்லயும் கடல் இருக்குடா" என்று இழுத்துக்கொண்டு வந்தேன்.

அங்கே ஜூன் மாதத்தில் இரவு பத்து மணிக்குத்தான் சூரியன் மறைகிறது. இதுதான் என்னை ஏமாற்றியது. நல்ல வெயில் இருக்கிறதே, இன்னும் நேரம் இருக்கிறது என்றே தோன்றிக்கொண்டிருந்தது. சூரியனுக்கு நேரம் இருக்கலாம். அருங்காட்சியகத்துக்கும் வண்டி ஓட்டுகிறவளுக்கும் இல்லை.

லோரியானுக்குள் நுழைந்தபோது எனக்கு ஏமாற்றம். கம்பெனிக் காலத்து ஊர் எங்கே என்று தேடினால், எங்கும் சிமெண்ட் கட்டடம். காரணம் பிறகு தெரிந்தது. ஜெர்மானியர்கள் அங்கே நீர்மூழ்கிக் கப்பல்களுக்குப் பெரிய கான்கிரீட் தளம் கட்டியிருந்தார்கள். அதை அழிக்க 1943-இல் நேச நாடுகள் குண்டு வீசின. ஊர் அழிந்தது, தளம் அப்படியே நின்றது. கம்பெனியின் அருங்காட்சியகமோ லோரியானில் இல்லை. எதிர்க்கரையில் போர்-லூயி என்ற சிற்றூரின் கோட்டைக்குள் இருக்கிறது. இதை முன்பே பார்த்து வைத்திருக்க வேண்டியது என் வேலை. மூன்று ஊரைப் பட்டியலில் போட்டவன் ஓர் ஊரைக்கூடச் சரியாகப் படிக்கவில்லை. சாலை வழியே வளைகுடாவைச் சுற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தோம். கடைசி நுழைவு முடிந்துவிட்டது. உள்ளே இருந்தவர்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். கோட்டை வாசலில் நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொண்டேன். அந்தப் போட்டோவில் மகளின் முகத்தை இப்போது பார்த்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. அவ்வளவு களைப்பு.

திரும்பும் வழியில்தான் அது நடந்தது. மணி எட்டரை இருக்கும். பேரனும் பாட்டியும் பின்னால் தூங்கிவிட்டார்கள். எனக்கும் கண் சொருகியது. திடீரென்று காருக்கு அடியில் 'கர்ர்ர்' என்று ஒரு சத்தம். நெடுஞ்சாலையின் ஓரக் கோட்டில் மேடு மேடாக வரி போட்டிருப்பார்கள். சக்கரம் அதில் ஏறினால் சத்தம் போட்டு எழுப்பும். நான் விழித்துப் பார்க்கிறேன், மகள் ஸ்டியரிங்கை இடப்பக்கம் திருப்புகிறாள். வண்டி ஒரு ஆட்டம் ஆடி நேரானது. பக்கத்தில் லாரி எதுவும் இல்லை. அவ்வளவுதான் எங்களுக்கும் விபத்துக்கும் இருந்த இடைவெளி.

"அப்பா, கண்ணு சொருகிடுச்சுப்பா" என்றாள். குரல் நடுங்கியது.

வேகம் மணிக்கு 110 கிலோமீட்டர். கணக்குப் பார்க்கும் புத்தி எங்கே போகும்? நொடிக்கு 30 மீட்டர். நாலு நொடி கண் மூடினால் 120 மீட்டர், ஒரு கால்பந்து மைதானத்தைவிட நீளம். அந்த நீளத்துக்கு என் மகளும் பேரனும் மனைவியும் நானும் யாருமே ஓட்டாத வண்டியில் போயிருப்போம். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை வண்டியை நிறுத்தி ஓய்வெடுங்கள் என்று அங்கே அரசாங்கமே சொல்கிறது. காலையில் அதைச் சொன்ன மகளிடம், "அப்புறம் நிறுத்திக்கலாம்" என்று சொன்னது நான்தான்.

அடுத்த ஓய்விடத்தில் நிறுத்தினோம். இருக்கையைச் சாய்த்துக்கொண்டு அவள் நாற்பது நிமிடம் தூங்கினாள். நான் வெளியே நின்று கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். கல்லூரிக்குப் போகிற காலத்தில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டே மேசையில் தலை வைத்துத் தூங்குவாள். அதே மாதிரி வாய் கொஞ்சம் திறந்திருந்தது. காதோரம் நரை. அது எப்போது வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. வீடியோவில் தெரிந்ததே இல்லை. வந்து இரண்டு வாரம் ஆகியும் நான் பார்க்கவில்லை.

என் மனைவி எழுந்து வந்து பக்கத்தில் நின்றாள். மெதுவாகத்தான் கேட்டாள். "ஏங்க, நாலு வருஷம் கழிச்சுப் பொண்ணைப் பாக்க வந்தீங்களா, கல்லைப் பாக்க வந்தீங்களா?"

பதில் இல்லை.

நம்மூரில் ஏப்ரல், மே வந்தால் தெருவுக்கு இரண்டு பேராவது பிரான்சுக்குப் பெட்டி கட்டுவார்கள். அவர்களிடம் நான் சொல்ல விரும்புவது இதுதான்: ஒரு நாளைக்கு ஓர் ஊர். அதற்கு மேல் வேண்டாம்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, நியாயமான மறுப்பு. "இவ்வளவு செலவு பண்ணிப் போறோம். இந்த வயசுல இன்னொரு தடவை போவோமான்னு தெரியாது. போனப்பவே எல்லாத்தையும் பாத்துடணும்" என்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் இன்னொரு முறை வருவோமா என்று தெரியாதது ஊர்களுக்கு மட்டுமா பொருந்தும்? பிள்ளைகளோடு இருக்கும் நாட்களுக்கும் அதுதானே கணக்கு? அந்தப் பாறை பல நூறு வருடமாக அங்கே நிற்கிறது, இன்னும் நிற்கும். நான் இல்லாவிட்டாலும் யாராவது போட்டோ எடுத்துக்கொள்வார்கள். என் மகளின் ஒரு சனிக்கிழமை அப்படி இல்லை.

இன்னொன்றும் சொல்வார்கள். "நாங்க கேக்கலைங்க, பிள்ளைங்கதான் சுத்திக் காட்டணும்னு ஆசைப்படுதுங்க." ஆமாம், ஆசைப்படுவார்கள். அப்பா அம்மா அவ்வளவு தூரத்திலிருந்து வந்து நாலு சுவருக்குள் உட்கார்ந்திருந்தால் அவர்களுக்கு மனசு கேட்காது. தங்கள் உடம்பைப் பற்றி வாயைத் திறக்கவும் மாட்டார்கள். அதனால்தான் 'போதும்' என்ற வார்த்தை நம் வாயிலிருந்து வர வேண்டும். சின்ன வயதில், "போதும் படுத்துக்கோ" என்று விளக்கை அணைத்தவர்கள் நாம்தானே? அந்த வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டதாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

முன் இருக்கையில் உட்காருகிறவருக்கும் பொறுப்பு இருக்கிறது. ஓட்டுகிறவர் தூங்காமல் பேச்சுக் கொடுக்க வேண்டும். தூக்கம் வந்தால் பின்னால் போய் உட்கார்ந்து, விழித்திருக்கிறவரை முன்னே அனுப்ப வேண்டும். ஒரு நாளில் போக வர மூன்று மணி நேர ஓட்டத்துக்கு மேல் வேண்டாம். முதல் நாள் இரவு ஓட்டுகிறவர் எத்தனை மணிக்குப் படுத்தார் என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். மூட்டு வலிக்காரர் ஒருவர் கூட இருந்தால், அவரால் பார்க்க முடிந்த இடம்தான் குடும்பத்துக்கான இடம்.

எங்கும் போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. அதற்கடுத்த வியாழக்கிழமை நானும் என் மனைவியும் மட்டும் ரயிலில் லோரியான் போனோம். ரென்னிலிருந்து ஒன்றரை மணி நேரம். பள்ளியில் படித்த அரைகுறை பிரெஞ்சு எனக்கு இருக்கிறது. மகள் ஒரு துண்டுச் சீட்டில் எல்லாம் எழுதிக் கொடுத்தாள். எதிர்க்கரைக்குச் சிறு படகில் போய், அங்கிருந்து கோட்டைக்கு மெதுவாக நடந்தோம். அன்றைக்குப் பட்டியலில் வேறு ஊர் இல்லை.

உள்ளே கம்பெனிக் கப்பல்களின் மாதிரிகள், வரைபடங்கள், சீனப் பீங்கான்கள், இந்தியப் பருத்தித் துணிகள். பூவேலை செய்த சீட்டித் துணி முன்னால் என் மனைவி வெகுநேரம் நின்றாள். இந்தத் துணி பிரான்சில் சக்கைப்போடு போட்டதால் அந்த நாட்டுப் பட்டு, கம்பளி நெசவாளர்கள் பிழைப்புப் போகிறது என்று கூச்சல் போட்டார்கள். 1686 முதல் 1759 வரை அதை விற்கவோ உடுத்தவோ கூடாது என்று தடையே இருந்தது. தடையை மீறி உடுத்தினார்கள். இன்னொரு பக்கம், ஆப்பிரிக்கக் கரையில் மனிதர்களை அடிமைகளாக வாங்க விலையாகக் கொடுத்த பொருட்களில் இந்தியத் துணியும் ஒன்று. நம் பக்கத்துத் தறிக்காரர்களுக்கும் சாயக்காரர்களுக்கும் தாங்கள் செய்தது எங்கே போகிறது, எதற்குப் போகிறது என்று தெரிந்திருக்க வழியில்லை. கோட்டைச் சுவர் மேல் நின்று கடலைப் பார்த்தபடி நாங்கள் இரண்டு பேரும் இதைப் பற்றி மத்தியானம் முழுக்கப் பேசினோம். சனிக்கிழமை மூன்று ஊரில் பேசியதைவிட அதிகம்.

சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பியபோது மகள் வேலை முடிந்து வந்து சோபாவில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். பேரன், "தாத்தா, அந்த ஊர்ல கடல்ல கால் நனைச்சீங்களா?" என்று கேட்டான். இல்லை என்றேன். அந்த ஞாயிற்றுக்கிழமை மருமகன் ஓட்ட, ஐந்து பேரும் பக்கத்துக் கடற்கரைக்குப் போனோம். ஒரு மணி நேரம் போக, ஒரு மணி நேரம் வர. பார்க்க வேண்டிய இடம் என்று அங்கே எதுவும் இல்லை. பேரன் சாயங்காலம் வரை தண்ணீரில் இருந்தான்.

சேலத்துத் தம்பிக்கு என்ன சொன்னேன் என்று கேட்பீர்கள். "முதல்ல எங்கேயாவது ரூம் எடுத்து மூணு மணி நேரம் தூங்குங்க தம்பி. அப்புறம் இந்தக் கடற்கரையில சும்மா உக்காருங்க. ஆரோவில் எங்கேயும் ஓடிப் போகாது" என்றேன். அவர் மனைவி என்னைப் பார்த்துச் சிரித்தார். தம்பி தலையாட்டினார். ஆனால் கையிலிருந்த செல்போனில் அடுத்த இடத்துக்கு வழி தேடிக்கொண்டுதான் இருந்தார்.